அறுபத்தொரு சோபா

ஜனவரி 12, திங்கள்

இந்த ஆண்டு டைரியை மேலாளர் இன்றுதான் கொடுத்தார். பதினொரு பக்கம் ஏற்கெனவே வீண். அட்டையில் எங்கள் மருத்துவமனையின் படம், கீழே 'ஒளிவுமறைவற்ற சேவை' என்று ஒரு வரி. போன வருட டைரியில் அந்த இடத்தில் 'அன்பே முதல் மருந்து' என்று போட்டிருந்தார்கள். அன்புக்கு ஒரு வருடம்தான் ஆயுள்.

முகப்பில் விலைப்பலகை மாட்டினார்கள். ஸ்கேன் இவ்வளவு, பிரசவம் இவ்வளவு, அறைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு. புதுச் சட்டம் வந்துவிட்டது. இனிமேல் சிகிச்சைக்கு முன்பே இவ்வளவு ஆகும் என்று எழுதி, மதிப்பீட்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். கடைசி பில் அந்தச் சீட்டைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், கூடியதை மருத்துவமனையே ஏற்க வேண்டும். பில்லில் ஒவ்வொரு பொருளும் தனி வரி.

பத்தொன்பது வருடம் பில் கவுண்டரில் உட்கார்ந்தவளை மதிப்பீட்டு மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். "நீங்கதான் சீனியர். வர்றவங்ககிட்ட பக்குவமா பேசுவீங்க" என்றார் மேலாளர். என்னைப் பற்றி இப்படி ஒரு பேச்சை என் அக்கா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஆனால் எனக்குச் சந்தோஷம். உண்மையாகவே.

ஜனவரி 14, புதன்

ஏன் சந்தோஷம் என்று எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே மறந்துவிடும்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒருவர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். ஆறு வயது மகனுக்குக் காய்ச்சல், ஒரு நாள் படுக்கை. பில்லில் கையுறை நாற்பது ஜோடி. "நாப்பது ஜோடியா? ஏம்மா, என் புள்ளையை எத்தனை பேர் தொட்டீங்க? ஊரே வந்து தொட்டுச்சா?" என்று கத்தினார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது" என்றேன்.

சிஸ்டத்தில் வரவில்லை. நான் தட்டியது. 'வார்டுக்குக் குறையுது, ஒரு படுக்கைக்கு நாற்பது போட்டுடுங்க' என்று மேலே சொன்னார்கள், போட்டேன். சம்பளம் வாங்கினேன். அந்த மனிதர் கட்டிவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போனார். எண்ணினாலும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை இல்லை போலும்.

இனி அந்த வேலை இல்லை. அதுதான்.

ஜனவரி 25, ஞாயிறு

கீழே சாப்பிடப் போனேன். (நான் மாடி அறை, அக்காவும் அத்தானும் கீழே. வீட்டின் முன்பக்கம் அத்தானின் சோபா தைக்கும் கடை.) "பில்லு வந்துட்டா, எல்லாரும் பையைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்றார் அத்தான் வழக்கம்போல. பத்தொன்பது வருடமாக அவருக்கு நான் 'பில்லு', பத்தொன்பது வருடமாக அந்தக் கேலிக்கு அவரே முதலில் சிரிப்பார்.

அத்தானுக்கு எல்லாக் கணக்கும் சோபாவில்தான். ஒரு சோபா தைத்தால் துணி, பஞ்சு, ஆள்கூலி போகக் கையில் நிற்பது எவ்வளவோ, அது 'ஒரு சோபா'. மகளின் கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு முப்பது சோபா. புதுப் பிரிட்ஜ் ஒன்பது சோபா. நான் கணக்குப் படிக்கப் போனபோது, அப்பா இறந்த வருடம், கட்டணம் கட்டியது அத்தான்தான். "பதினாலு சோபா, வட்டியெல்லாம் வேணாம்" என்றார். அதைத் திருப்பித் தர விடவே இல்லை.

இன்று சிரிக்கும்போது வலது தொடை இடுக்கில் கையை வைத்து அழுத்திக்கொண்டார். நான் பார்த்ததை அக்காவும் பார்த்தாள்.

"ஆறு மாசமா இப்படித்தான். சோபா தூக்குனா ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளிய தள்ளுது. கேட்டா வாயுங்கிறார். நீ உங்க ஆஸ்பத்திரியில சொல்லி, கொஞ்சம் பாத்துக் குறைச்சு..."

எனக்குச் சுருக்கென்றது. குடலிறக்கம் என்று புரிந்தது ஒரு பக்கம். 'சொல்லிக் குறைச்சு' என்ற வார்த்தை இன்னொரு பக்கம். பத்தொன்பது வருடமாக இந்த உறவுக்கூட்டத்துக்கு நான் ஒரு தள்ளுபடிச் சீட்டு. யாருக்குப் பல் வலித்தாலும் என் போன்தான் அடிக்கும்.

"இனிமே யாருக்கும் என் தயவு தேவையில்லக்கா. அதுக்குத்தான் சட்டமே வந்திருக்கு. நேரா போகட்டும், சீட்டு வாங்கட்டும். எல்லாருக்கும் ஒரே விலை. என் பேரைச் சொல்லிக்கிட்டு யாரும் வர வேண்டாம்."

சொன்ன தொனி கொஞ்சம் கூடிவிட்டது. அத்தான்தான் சமாளித்தார். "சரிம்மா, உன் பேரை இழுக்க மாட்டேன். பலகையில விலை போட்ட கடைன்னா எனக்கும் பயமில்ல."

இப்படிச் சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார்.

பிப்ரவரி 4, புதன்

மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டார். போன மாதம் மூன்று பில் சீட்டைத் தாண்டிவிட்டதாம், மருத்துவமனைக்கு நட்டமாம். இனி ஒவ்வொரு சீட்டிலும் வரக்கூடிய சிக்கல்கள் எல்லாவற்றையும் சேர்த்து உச்சத் தொகையைப் போட வேண்டும். தீவிர சிகிச்சை பத்து நாள், மறு அறுவை, ரத்தம், வெளி நிபுணர் — எல்லாம் வரி வரியாக, சின்ன அறுவைக்கும்.

"பயந்து ஓடிடுவாங்களே சார்" என்றேன்.

"நாம மறைக்கல இல்ல? எல்லாத்தையும் வெளிப்படையா சொல்றோம்."

"வழக்கமா இவ்வளவுதான் ஆகும்னு வாயால சொல்லலாமா?"

"கூடாது. நாளைக்கு அதையே உத்தரவாதம்னு கேஸ் போடுவாங்க. மேசைக்கு மேல கேமரா இருக்கு, பேச்சும் பதிவாகும். சட்டத்தை நாம மதிக்கணும்."

சட்டத்தை மதிக்கிற வாய். இந்த வாய்தான் நாற்பது ஜோடி போடச் சொன்னது.

பிப்ரவரி 11, புதன்

ஒரு வழி கண்டுபிடித்தேன். வாயால்தானே சொல்லக்கூடாது? சீட்டை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பி வைத்து, என் பேனாவைக் குறுக்கே படுக்க வைக்கிறேன். எந்த வரிவரை வழக்கமாக ஆகுமோ அந்த வரிக்குக் கீழே. பிறகு மேலே இருப்பதை விரலால் ஒரு தடவு தடவி, அவர்கள் கண்ணைப் பார்க்கிறேன். பேனாவுக்குக் கீழே இருப்பது பூச்சாண்டி. கேமராவில் பார்த்தால் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான்.

பாதிப் பேருக்குப் புரிகிறது. ஒரு அம்மா புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன், கேமரா.

என்னோடு ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள், இருபத்திமூன்று வயது. என் பேனாவைப் பார்த்து "ஏன்க்கா அதை அங்க வைக்கிறீங்க?" என்று கேட்டாள். "கை வலிக்குது" என்றேன். வெகுளி, கேட்டால் யாரிடமும் சொல்லிவிடுவாள். சொல்லித்தராமல் இருப்பதே நல்லது.

பிப்ரவரி 20, வெள்ளி

நேற்றும் இன்றும் பயிற்சி வகுப்பு, வேறு கட்டடத்தில். 'நோயாளியின் தகவல் உரிமை.' குளிரூட்டிய அறை, பிஸ்கட். பேசியவர் ஒரு நோயாளியையாவது கிட்டத்தில் பார்த்திருப்பாரா தெரியவில்லை. தகவல் தெரிந்தால் மக்கள் சரியாக முடிவெடுப்பார்களாம். மேசையைப் புதுப் பெண் பார்த்துக்கொண்டாள்.

மார்ச் 1, ஞாயிறு

அக்கா சொன்னாள்: அத்தான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாராம். ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், மாத்திரையும் பெல்ட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ராஜாவாட்டம் உட்கார்ந்திருந்தார்.

"எந்த டாக்டர்?"

"எல்லா டாக்டரும் ஒரே மாதிரிதாம்மா, கையெழுத்துப் புரியல" என்றார். சிரித்தோம்.

மனசுக்கு நிம்மதி. ஒரு கவலை குறைந்தது.

மார்ச் 12, வியாழன்

அறுவை மருத்துவர் என் மேசைக்கு வந்து நின்றார். 'தையல் டாக்டர்' என்று நாங்கள் சொல்வோம், நூல் போட்டதே தெரியாமல் தைப்பார். கையில் ஒரு நோட்டீஸ். வழக்கமாக, வசதியில்லாதவர் என்று தெரிந்தால் தன் கட்டணத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். நான் கண்டும் காணாமல் ஏற்றுவேன். இப்போது எல்லாருக்கும் ஒரே விலை. ஒருவருக்குக் குறைத்தால் இன்னொருவருக்கு ஏமாற்று என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

"திருடுறவனைப் பிடிக்க வலை போட்டாங்க. மாட்டுனது நான்" என்றார். சிரிக்கவில்லை.

தலைமை நர்சும் அதே பாட்டு. ஒவ்வொரு பஞ்சையும் ஸ்கேன் பண்ணிப் பதிவு செய்ய வேண்டும், ஆள் மட்டும் கூட்டவில்லை. "ஊசி போடுற நேரத்தை விட ஊசியை எழுதுற நேரம்தான் ஜாஸ்தி. நோயாளி கூப்பிட்டா, இரு, எழுதிட்டு வரேங்கிறேன். எனக்கே வெக்கமா இருக்கு."

பில் மட்டும் இப்போது சுத்தமாக இருக்கிறது. அதை மறுக்க முடியாது. கையுறை மூன்று என்றால் மூன்று.

மார்ச் 30, திங்கள்

ஆஸ்பத்திரி மேசையிலேயே எழுதுகிறேன், வீடு போகும்வரை பொறுக்காது.

மூன்று மாதக் கணக்கு சுகாதார அலுவலகத்துக்குப் போக வேண்டும். சீட்டு வாங்கிவிட்டுத் திரும்பி வராதவர்களின் பட்டியலை எடுக்கச் சொன்னார்கள். பட்டியலுக்குத் தலைப்பு 'சிகிச்சையை மறுத்தவர்கள்'. முந்நூற்று நாற்பது சீட்டில் நூற்றுப்பன்னிரண்டு பேர். மறுத்தார்களாம். சாப்பாட்டை மறுக்கிற மாதிரி.

எழுபத்தெட்டாவது வரி. ஆண், 56, குடலிறக்கம், வலது. சீட்டு கொடுத்த நாள் பிப்ரவரி 19. பெயர் ஊரில் நூறு பேருக்கு இருக்கிற பெயர், தாண்டித்தான் போயிருப்பேன். போன் நம்பர் எனக்கு மனப்பாடம்.

பயிற்சி வகுப்பில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன் அன்றைக்கு.

புதுப் பெண்ணைக் கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. "ரொம்பத் தமாஷா பேசுனார்க்கா. சீட்டைப் படிச்சுக் காட்டுனேன், எல்லா வரியும். அமைதியாயிட்டார். இங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டேன். இல்லன்னார்."

இல்லன்னார்.

என் பேரை இழுக்க மாட்டேன் என்றார் இல்லையா. இழுக்கவில்லை.

அதே நாள், வீடு

நேராகக் கடைக்குள் போனேன். வெட்டும் மேசையில் ஒரு பெரிய சோபாத் துணி விரித்திருந்தது, அதன்மேல் வளைவு வெட்டுவதற்கான காகித அச்சு. எங்கள் மருத்துவமனைக் காகிதம். எனக்குத் தெரியாதா? முத்திரை மேலே தெரிகிறது. மதிப்பீட்டுச் சீட்டில் கைப்பிடிக்கு அச்சு வெட்டியிருக்கிறார் மனுஷன்.

திருப்பிப் பார்த்தேன். பின்னால் தையல் சாக்கட்டியால் வகுத்தல் கணக்கு. கீழே 61 என்று எழுதி, சுற்றி வட்டம்.

"இதானா உங்க மாத்திரையும் பெல்ட்டும்?"

அத்தான் கத்தரியைக் கீழே வைத்தார். "சத்தம் போடாதம்மா, உள்ள இருக்கா."

"பொய்யா சொன்னீங்க அக்காகிட்ட?"

"அறுபத்தொரு சோபாம்மா. ரெண்டு வருஷம். நம்ம பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு படிப்பு. அவ படிப்பா, என் தொடையான்னு பாத்தேன். தொடை அப்படியொண்ணும் அழகா இல்ல."

"இருபத்திரண்டுதான் ஆகும் அத்தான்! இருபத்திரண்டு சோபா! மத்ததெல்லாம் சும்மா எழுதுறது. சும்மா... வராது, யாருக்கும் வராது."

"சும்மாவா?" என்றார். "அப்ப எதுக்கும்மா எழுதுறீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். நான் கத்தினேன், ஏன் என்னைக் கேட்கவில்லை, ஏன், ஏன் என்று. அக்கா ஓடி வந்தாள். எல்லாம் வெளியே வந்தது. அக்கா அவரை ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் பார்த்தாள். என் பேரைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும்தானே இருந்தாள்.

மார்ச் 31, செவ்வாய்

சீட்டுக்கு முப்பது நாள்தான் ஆயுள், காலாவதி. மறுபடி டாக்டரைப் பார்த்து, மறுபடி சீட்டு. முன்பென்றால் தையல் டாக்டர் நாளைக்கே கூட்டி வா என்பார். இப்போது வரிசை மாற்றினாலும் பதிவாகும், மாற்றியவருக்கு விளக்கக் கடிதம். ஏப்ரல் 10, வெள்ளி கிடைத்தது.

"பத்து நாள்தானே. பெல்ட்டைக் கட்டட்டும், பாரம் தூக்க வேண்டாம்னு சொல்லு" என்றார் டாக்டர்.

அத்தானிடம் சொன்னேன். "சரி, அதுக்குள்ள இந்த மூணு சோபாவையும் முடிச்சிடறேன்" என்றார். தூக்கக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலை பத்து மணிக்கு அக்கா போன். மூன்றாவது சோபாவை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு கை.

வெளியே வந்த குடல் உள்ளே போகவில்லை, முறுக்கிக்கொண்டது. மதியமே அறுவை. ஒரு முழம் குடல் கறுத்துப் போயிருந்ததாம், வெட்டி எடுத்துவிட்டார்கள். தையல் டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றாமலே பேசினார்.

அறுவைக்கு முன், படுக்கையோடு தள்ளிக்கொண்டு போகும்போது அத்தான் என்னைப் பார்த்து, "பில்லு, பையைப் பிடிச்சுக்கோ" என்றார். சத்தமே வரவில்லை, உதட்டசைவில் தெரிந்தது.

ஏப்ரல் 8, புதன்

தீவிர சிகிச்சை. முதல் நாள்.

என் பேனா ஒரு வரி கீழே இறங்கிவிட்டது.

ஏப்ரல் 11, சனி

காய்ச்சல் நிற்கவில்லை. உள்ளே சீழ். மறு அறுவை.

சீட்டில் எந்த வரிசையில் எழுதுவோமோ அதே வரிசையில் வருகிறது. யாரோ என் மேசையில் உட்கார்ந்து படித்துக்காட்டுகிற மாதிரி. சும்மா எழுதுறது அத்தான், சும்மா, வராது — நான்தானே சொன்னேன்?

மகள் கல்லூரியிலிருந்து வந்துவிட்டாள். "அப்பா எப்போ சித்தி வருவார்?" என்று கேட்டாள். ஐந்து வயதில் கேட்ட மாதிரியே.

ஏப்ரல் 13, திங்கள்

ரத்தம். நாலு பை. நானும் கொடுத்தேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வெளி நிபுணர் வந்தார். பத்து நிமிடம்.

அக்கா என்னோடு பேசுகிறாள், ஆனால் தேவைக்கு மட்டும். தண்ணி வேணுமா. நாற்காலியை எடு. அவ்வளவுதான்.

ஏப்ரல் 16, வியாழன்

காலை ஆறு பத்து. அத்தான் போய்விட்டார்.

ஏப்ரல் 17, வெள்ளி

நேற்று அவரைக் கொண்டுபோகும் முன் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. சட்டப்படி பில்லை வரி வரியாகக் குடும்பத்தாருக்கு விளக்கி, 'விளக்கிச் சொல்லப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். புதுப் பெண் அழுதுகொண்டே இருந்தாள், அவளால் முடியாது என்றாள். மேலாளர் "நான் வேற ஆளைப் போடறேன்மா" என்றார். மனிதத்தன்மையோடுதான் சொன்னார், இல்லை என்று எழுத மனம் வரவில்லை. நானே செய்கிறேன் என்றேன். வேறு யாரோ ஒருத்தி அக்காவிடம் அதைப் படிக்கக்கூடாது.

பதினோரு பக்கம். என் மேசையில், எதிரே அக்கா. படித்தேன். ஊசி, குழாய், பஞ்சு, பிராணவாயு மணிக்கணக்கில். ஒன்பதாம் பக்கத்தில் கையுறை, நாற்பது ஜோடி.

நின்றுவிட்டேன். திரையில் பதிவைத் திறந்து பார்த்தேன். நாள், நேரம், போட்டவர் பெயரோடு ஒவ்வொன்றும் இருந்தது. நாற்பதும் உண்மை. இந்தத் தடவை யாரும் பொய்யாகத் தட்டவில்லை, நாற்பது தடவை அவரைத் தொட்டிருக்கிறார்கள்.

"படி" என்றாள் அக்கா.

மொத்தத்தைச் சொன்னேன். "எத்தனை சோபா?" என்று கேட்டாள் அக்கா.

வகுத்தேன். ஐம்பத்தொன்பது.

அன்றைக்குச் சீட்டில் எழுதியதைவிட இரண்டு சோபா குறைவு. மருத்துவமனைமேல் சட்டப்படி ஒரு சொல் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் முன்பே சொன்னோம், எழுத்தில் சொன்னோம், சொன்னதைவிட ஒரு காசு கூட வாங்கவில்லை. இருபத்திரண்டு சோபாவில் முடிய வேண்டிய மனிதனிடம் அறுபத்தொன்று என்று சொன்னதும் நாங்கள்தான் என்பதற்கு இந்தப் பதினோரு பக்கத்தில் எங்கேயும் வரி இல்லை.

அக்கா கையெழுத்துப் போட்டாள். பேனா என்னுடையது.

மே 4, திங்கள்

மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிப் பதினைந்து நாளாகிறது. மகளுக்குக் கட்டணம் நான்தான் கட்ட வேண்டும், வேலையை விட முடியாது. பேனாவை இப்போது படுக்க வைப்பதில்லை. வாயாலேயே சொல்கிறேன், கேமராவுக்கும் கேட்கும்படி. வழக்கமாக இவ்வளவு ஆகும். எல்லாம் கெட்டால் இவ்வளவு. தள்ளிப் போட்டால்தான் கெடும்.

மே 13, புதன்

மெமோ. 'அங்கீகரிக்கப்படாத உத்தரவாதம் அளித்தல்.' ஆவண அறைக்கு மாற்றம். ஜன்னல் இல்லை. மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "வேலையை எடுக்காம விட்டதே பெருசும்மா" என்றார். பெரிசுதான். வாங்கிக்கொண்டேன்.

போகும்போது புதுப் பெண்ணைப் பார்த்தேன். ஒரு கிழவருக்குச் சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பேனாவைக் குறுக்கே படுக்க வைத்தாள். நான் இதை அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை. அன்றே சொல்லித்தந்திருக்கலாம்.

மே 19, செவ்வாய்

கீழே அத்தானின் போன் சத்தம் கேட்டது. அக்கா எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள், ஒரு மாதத்தில் முதல்முறையாக. எங்கள் மருத்துவமனையிலிருந்து குறுஞ்செய்தி. 'அன்புடையீர், தங்கள் மதிப்பீட்டுச் சீட்டு பெற்று 90 நாட்கள் ஆகின்றன. தாங்கள் சிகிச்சையை மறுத்ததற்கான காரணத்தைத் தெரிவிக்கவும். 1 – விலை. 2 – பயம். 3 – பிற.'

அக்கா கேட்டாள், "எதைடி அழுத்தணும்?"

நான் அழுதேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதையும் அழுத்தவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

கடையைக் காலி செய்யலாம் என்று காலையில் கீழே இறங்கினேன். ஒரு சோபா பாதியில் நிற்கிறது, முதுகுப்பக்கம் தைக்கவில்லை. யாருடையது என்று தெரியவில்லை, யாரும் கேட்டு வரவும் இல்லை. அக்கா சாக்கட்டிகளை ஒரு டப்பாவில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுப் பேருந்து ஓட்டுநரின் மனைவி வந்தாள். கடைக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள். கையில் நாலாக மடித்த காகிதம். மடிப்பிலேயே தெரிந்தது.

"ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க. அவருக்குப் பித்தப்பையில கல்லாம். இதைக் குடுத்தாங்க. உங்களை அங்க பாத்திருக்கேன், அதான்... இவ்வளவு வருமாக்கா?"

பாதி சோபாவில் உட்காரச் சொன்னேன். சீட்டை விரித்தேன். ஐந்தாம் வரிக்குக் கீழே பேனாவை வைக்கப் போனேன். வராது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அந்தச் சொல் வரவில்லை. வரும் என்று எனக்குத் தெரியுமே. கடைசி வரிவரைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டேனே.

"எப்போ குடுத்தாங்க?"

"பத்துப் பன்னெண்டு நாளாச்சு. வலி இருக்கு, ஆனா பொறுத்துக்கிறேங்கிறார். இதைப் பாத்ததும் வேணாம்னுட்டார்."

அக்கா டப்பாவை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றேன். "இன்னைக்கே போனா இவ்வளவு வராது."

அவள் சீட்டை மறுபடி மடித்தாள். "அங்க யாரையும் தெரியாதேக்கா. யாருன்னு போய் நிக்கிறது?"

"என் பேரைச் சொல்லுங்க."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அவள் கணவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், சொல்லிச் சிரிக்கவும் சிரிப்பார். அக்கா என் செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். மாட்டிக்கொண்டு நானும் அந்தப் பெண்ணின் பின்னால் போனேன்.